குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கு ஏற்ற காலணி

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்தைச் 'சில்லை கலான்' என்று அழைப்பர். ஸ்ரீநகரில் ஜனவரி மாதத்து இரவுகளின் சராசரி உஷ்ணநிலை, நீர் உறையும் நிலைக்குச் சுமார் 2 டிகிரி கீழே இருக்கும். பகலில் ஆறேழு டிகிரி வரை ஏறும். ஆகவே இரவில் உறைவது பகலில் உருகுகிறது. பகலில் உருகியது மறுநாள் காலையில் சேறும் பனிக்கட்டியும் கலந்த குழம்பாகப் பாதையெங்கும் கிடக்கிறது. இத்தகைய பாதையில் சைக்கிளில் புறப்படும் ஊழியர் ஒருவர் கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை எல்லாம் அணிந்து, மார்பும் முதுகும் வியர்க்கும் அளவுக்கு வெம்மையுடன் இருப்பார். ஆயினும் அரை மணி நேரம் கழிவதற்குள் அவருடைய கால்விரல்கள் மரத்துவிடுவது உண்டு.

அவர் கடைக்குச் சென்று கேட்பது பெரும்பாலும் 'தண்ணீர் புகாத ஷூ' என்பதாகவே இருக்கும். அக்கேள்வி பாதிதான் சரியானது. வெளியிலிருந்து வரும் நீர் பாதத்துக்கு ஒரு பகை. பாதத்திலிருந்தே சுரக்கும் வியர்வை மற்றொரு பகை. முன்னதை முற்றிலும் தடுக்கும் காலணி, பின்னதை உள்ளேயே அடைத்துவைப்பதும் உண்டு. மேலும், பாதத்தைச் சூடாக வைத்திருப்பது தோலோ ரப்பரோ அன்று. அவற்றுக்குள்ளே அசையாமல் தங்கியிருக்கும் உலர்ந்த காற்றே ஆகும். காலணியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள விஷயம் அனைத்தும் இக்காற்றைக் காப்பாற்றுவதில்தான் அடங்கியிருக்கிறது.

கால்விரல்கள் முதலில் குளிர்வது ஏன்?

உடலின் நடுப்பகுதியில் உஷ்ணம் குறையத் தொடங்கினால், இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றைக் காப்பதற்காகக் கைகால்களின் மேற்பரப்பிலுள்ள சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. கால்விரல்களில் தசை மிகக் குறைவு. அவை தாமாக உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ள வல்லவை அல்ல. ரத்தம் கொண்டுவரும் வெம்மையையே அவை நம்பியிருக்கின்றன. குழாய்கள் சுருங்கியதும் அந்த வரவு நின்றுவிடுகிறது.

இது குளிரில் உள்ள எல்லாருக்கும் பொதுவானது. சைக்கிளில் செல்பவருக்கு இதற்கு மேலும் சில தொல்லைகள் உண்டு. நடப்பவரின் விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர்கின்றன. அவ்வசைவு ரத்தத்தைத் தள்ளிவிடுகிறது. சைக்கிள் ஓட்டுபவரின் தொடையும் ஆடுதசையும் உழைக்கின்றனவே ஒழிய, விரல்கள் காலணிக்குள் கட்டை போல் அசைவின்றிக் கிடக்கின்றன. உடல் எடையின் ஒரு பகுதி பாதத்தின் முன்பகுதியில் ஒரே இடத்தில் அழுந்துகிறது. அந்த இடத்துக்கு நேர் கீழே இருப்பது பெடல். அது இரும்பாலானதாயின் உஷ்ணத்தை ஓயாமல் உறிஞ்சி வெளியே விடும். இரும்பு பெடலும் ரப்பர் கட்டை பொருத்திய பெடலும் ஒரே கொட்டகையில் இரவு முழுவதும் நின்றிருந்தால் இரண்டின் உஷ்ணநிலையும் ஒன்றே. ஆயினும் கையால் தொட்டவுடன் இரும்பே அதிகக் குளிர்ச்சியாகத் தோன்றும். பொருளின் உஷ்ணநிலை வேறு, அது உஷ்ணத்தைக் கடத்தும் வேகம் வேறு என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றே வீசாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தமக்கெதிரே அதே வேகமுள்ள காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கணக்குமுறைப்படி, பூஜ்ய டிகிரிக் குளிரில் அவ்வேகமுள்ள காற்று திறந்த முகத்தில் படும்போது, பூஜ்யத்துக்குக் கீழ் 5 டிகிரியில் இருப்பது போன்ற உணர்ச்சி ஏற்படும். இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் ஒரு பொருளைத் தன் உஷ்ணநிலைக்குக் கீழே அது குளிர்விக்க இயலாது. அந்த நிலைக்கு விரைவில் கொண்டுவரும், அவ்வளவே. ஆனால் அப்பொருள் நனைந்திருந்தால் கதை வேறு.

நீர் செய்யும் கேடு

அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு அதிகமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. கம்பளிக் காலுறையின் இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், உறை இருந்தும் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது. அத்துடன் அந்நீர் ஆவியாகும்போது பாதத்திலிருந்தே உஷ்ணத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் தேவை. ஒரு ஜோடிக் காலுறை 30 கிராம் நீரை உறிஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். அவ்வளவும் பாதத்தின் உஷ்ணத்தாலேயே உலர வேண்டுமானால் 17,400 கலோரி செலவாகும். நடுத்தர உடலுள்ள ஒருவரின் இரு பாதங்களும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையிருக்கும். ரத்தம் புது உஷ்ணத்தைக் கொண்டுவராவிட்டால், அந்த இரண்டு மேசைக்கரண்டி நீர் பாதங்களின் உஷ்ணத்தைப் பத்து டிகிரி அளவுக்குக் குறைத்துவிடக்கூடும்.

வகுப்பில் இதைச் செய்துகாட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு உலோகத் தம்ளர்களில் ஒரே சூடுள்ள வெந்நீரை ஊற்றி, ஒன்றின் மேல் உலர்ந்த கம்பளிக் காலுறையையும் மற்றொன்றின் மேல் நனைத்துப் பிழிந்த காலுறையையும் மாட்டி, இரண்டையும் காற்றோட்டமுள்ள சன்னலோரத்தில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உஷ்ணமானியைப் பார்த்துக் குறித்துவந்தால், ஈர உறையிட்ட தம்ளர் வெகு விரைவில் ஆறிவிடுவது தெரியும். மூன்றாவது தம்ளரை நனைத்த பருத்தி உறையுடன் வைத்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும். பருத்தி இழை நனைந்ததும் துவண்டு ஒட்டிக்கொள்கிறது. கம்பளி இழையோ தன் சுருளை ஓரளவு காத்துக்கொள்வதால் இடையே சிறிது காற்றேனும் தங்குகிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாதிருப்பது கம்பளியின் தனிக் குணம். குளிர்ப் பிரதேசத்தில் பருத்திக் காலுறை அணிந்து விலையுயர்ந்த காலணியை மாட்டிக்கொள்வது வீண் செலவு.

மலைவாசிகளின் காலணிகள்

இந்த உண்மைகளை விஞ்ஞானப் புத்தகம் எதுவுமின்றியே மலைநாட்டு மக்கள் அறிந்திருந்தனர். காஷ்மீரத்தில் நெல் வைக்கோலைத் திரித்துப் பின்னிய 'புல்ஹோர்' என்னும் காலணி நெடுங்காலம் வழக்கில் இருந்தது. குலுப் பள்ளத்தாக்கில் சணலின நார் கொண்டு செய்யும் 'பூலா', தோல் சேராததாகையால் கோயிலிலும் சமையலறையிலும்கூட அணியத்தக்கதாகக் கருதப்படுகிறது. லடாக்கியரின் 'பாபு' கம்பளியாலும் மயிரிழையாலும் ஆகிய மேற்பகுதியைக் கொண்டது. வைக்கோலாயினும் நாராயினும் கம்பளியாயினும், மூன்றும் தம் இடைவெளிகளில் காற்றை நிறுத்திவைப்பவை.

ஆனால் இவற்றுள் எதுவும் நீரைத் தடுப்பதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. லே நகரம் போன்ற உயர்ந்த, வறண்ட இடங்களில் கடுங்குளிரின்போது வெண்பனி உலர்ந்த மாவு போல் இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே கம்பளிக் காலணி போதுமானது. ஸ்ரீநகரின் உருகிய பனிக்குழம்பில் அதே காலணி அரை மணியில் ஊறிவிடும். ஆகையால், 'எவ்வளவு குளிர்?' என்பதற்கு முன்னால், 'உலர்ந்த குளிரா, ஈரக் குளிரா?' என்று கேட்பதே முறை. பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரி உள்ள உலர்ந்த பாதையைவிட, பூஜ்யத்துக்கு மேல் 3 டிகிரி உள்ள சேற்றுப் பாதையே பாதத்துக்கு அதிகத் துன்பம் தரக்கூடும்.

பொருள்களின் குணங்கள்

ரப்பரால் ஆன கம்பூட் வெளிநீரை முற்றிலும் தடுக்கும். ஆனால் அதற்கு வியர்வையை வெளிவிடும் வழி இல்லை. பாதங்களில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. மேட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் உழைத்து மிதித்தால் உள்ளே ஈரம் சேர்ந்துவிடும். பின்னர் இறக்கத்தில் மிதிக்காமல் குளிர்காற்றில் செல்லும்போது அந்த ஈரமே பாதத்தைக் குளிர்விக்கிறது. மேலும் கம்பூட்டின் அகன்ற முன்பகுதி சைக்கிளின் சட்டத்தில் உராயும், கனமும் அதிகம். குறுகிய தூரத்துக்கு மட்டுமே அது ஏற்றது.

தோல் இடைநிலையானது. அது நார்ப்பின்னலாகையால் நீராவியை மெல்ல வெளியே விடுகிறது. எண்ணெயும் மெழுகும் ஊட்டினால் வெளிநீரைச் சில மணி நேரம் தடுக்கிறது. கணுக்காலை மூடும் உயரமுள்ள, முன்பகுதியில் தையல் குறைந்த, முழுத்தோல் பூட்ஸ் இவ்வகையில் சிறந்தது. தையல் துளை ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாயில் ஆகும்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், வாணலிகளில் பூசப்படும் டெஃப்ளான் வகைப் பொருளை விரைந்து இழுத்து நீட்டி, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலமாக ஆக்கினார். அத்துளைகள் நீர்த்துளி புகமுடியாத அளவு சிறியவை; நீராவியின் அணுத்திரள்கள் கடந்து செல்லும் அளவு பெரியவை. இத்தகைய படலத்தை உள்ளே வைத்துத் தைத்த சைக்கிள் காலணிகள் இப்போது கிடைக்கின்றன. அவை நல்லவையே, ஆயினும் அவற்றைப் பற்றிக் கடைக்காரர் கூறுவது அனைத்தும் எப்போதும் நிறைவேறுவதில்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் வெளியே உள்ளதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியேறும். மேல்துணி சேறும் நீரும் ஊறிக் கிடந்தால் படலத்தின் வழி அடைபட்டுப்போகிறது. கணுக்கால் வழியே ஒரு முறை நீர் உள்ளே புகுந்துவிட்டாலோ, நீரை வெளியே நிறுத்தும் அதே படலம் அதை உள்ளேயே நிறுத்திவிடும். உலர இரண்டு நாட்கள்கூட ஆகலாம்.

புதிய காலணி வாங்க இயலாதவருக்கு நியோப்ரீன் உறை ஒரு நல்ல வழி. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கப்பட்ட இச்செயற்கை ரப்பரை நுரையாக்கினால், அதன் சிறு குமிழிகளில் வாயு அடைபட்டு நிற்கும். சாதாரண ஷூவின் மேல் இவ்வுறையை மாட்டி அடியில் பட்டியால் பிணைத்தால் காற்று முற்றிலும் தடைபடுகிறது. நீரும் பெரும்பாலும் தடைபடுகிறது. இறங்கி நடந்தால் அடிப்பகுதி விரைவில் தேய்ந்து கிழியும் என்பதே அதன் குறை.

அளவு

பொருளைவிட முக்கியமானது அளவு. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடிக் காலுறைகளை மாட்டி, அவற்றைக் கோடையில் அணியும் ஷூவுக்குள் திணிப்பவர், ஒரே ஜோடி அணிந்தவரைவிட அதிகமாகக் குளிர்கிறார். திணித்த கம்பளியில் காற்று இல்லை. அழுத்தப்பட்ட பாதத்தில் ரத்த ஓட்டமும் இல்லை. எனவே குளிர்காலக் காலணியை, அணியவிருக்கும் தடித்த கம்பளி உறையுடனேயே சென்று அளவு பார்க்க வேண்டும். பாதங்கள் சற்றுப் பருத்திருக்கும் மாலை வேளை இதற்கு ஏற்றது. நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும்; எல்லா விரல்களையும் தடையின்றி மடக்கி நீட்ட முடிய வேண்டும். கயிற்றைப் புறங்கால் மேல் இறுகக் கட்டலாகாது. அங்கே தோலுக்குச் சற்றுக் கீழாகவே ரத்தக் குழாய் ஓடுகிறது.

அடிப்பகுதி தடிப்பாகவும் வளையாததாகவும் இருப்பது நலம். உள்ளே, கழற்றி எடுக்கக்கூடிய அழுத்திய கம்பளித் தளம் ஒன்று வேண்டும். காஷ்மீரத்து நம்தாவின் துண்டை அளவாக வெட்டிப் போட்டாலும் போதும். மிதிக்கும் பெடலோடு பூட்டிக்கொள்ளும் சிறு உலோகத் தகட்டை அடியில் திருகிய பந்தயவகைக் காலணிகளில் இத்தளம் இன்றியமையாதது; ஏனெனில் தகடும் திருகாணிகளும் உஷ்ணத்தை நேரே பெடலுக்குக் கடத்தும், திருகாணித் துளைகள் வழியே நீரும் ஏறும். பனிக்கட்டியில் காலூன்ற நேரும்போது அத்தகடு வழுக்கவும் செய்யும். கிராமங்களுக்குச் சென்று அடிக்கடி இறங்கி நடக்கும் ஊழியருக்கு அவ்வகை தேவையில்லை. ஆழ்ந்த வரிகள் உள்ள ரப்பர் அடியும், ரப்பர் கட்டை வைத்த அகன்ற பெடலும் போதும்.

நீர் புகும் வழிகள்

காலணிக்குள் நீர் புகுந்தால் பழி மழையின் மீது போடப்படுகிறது. உண்மையில், சைக்கிள் ஓட்டுபவரின் பாதங்களை அதிகமாக நனைப்பது அவருடைய முன்சக்கரமே. அது வாரி எறியும் சேற்றுநீர் நேராகப் பெடல்களின் மேல் வந்து விழுகிறது. முன் மட்கார்டின் கீழ்முனையில் பழைய டயர் துண்டு ஒன்றை, தரைக்கு மூன்று நான்கு விரற்கடை உயரம் வரை தொங்கும்படி பிணைத்தால் இந்நீரில் பெரும்பகுதி தடுக்கப்படும். செலவு என்று சொல்ல ஏதுமில்லை. விலையுயர்ந்த காலணியைத் தேடுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

அடுத்த வழி மேல்வாய். காற்சட்டையின் முனையைக் காலணிக்குள் செருகிக்கொண்டால், முழங்காலில் விழும் மழைநீர் துணி வழியே வடிந்து உள்ளே இறங்கும். துணி எப்போதும் காலணிக்கு வெளியே இருக்க வேண்டும். சங்கிலியில் சிக்காதபடி பட்டியால் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வழி நாக்கு. நாக்கின் இருபக்கமும் மேல்தோலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாங்கும்போதே விரலை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்; தைக்கப்படாத நாக்கின் ஓரமாக நீர் தாராளமாகப் புகும்.

வாங்கிய காலணியைச் சோதிப்பதும் எளிது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு தொட்டியில் மேல்தோல் தொடங்கும் இடத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி கால் மணி நேரம் வைத்து எடுத்தால், தாளில் எங்கே ஈரம் படிந்திருக்கிறதோ அதற்கு நேரே உள்ள தையலுக்கு மெழுகு தேவை என்பது புலனாகும்.

எவ்வகை யாருக்கு ஏற்றது என்பது இடத்தைப் பொறுத்தது. டில்லியிலும் பஞ்சாபின் சமவெளியிலும் ஜனவரிக் காலைகளில் மூடுபனி இருக்கும். உஷ்ணநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல்தான். அங்கே சாதாரணத் தோல் ஷூ, கம்பளி உறை, காற்றைத் தடுக்கும் மேலுறை ஆகியவை போதும். நீலகிரியில் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும், அதன் பின் புல்வெளிகளில் உறைபனியும் உண்டு. ஆயினும் வெயில் ஏறியதும் குளிர் விலகிவிடுவதால், வெம்மையைவிட நீர்த்தடுப்பே அங்கு முதன்மையானது. காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் இமாசலத்தின் கீழ்மலைகளிலும் எண்ணெயூட்டிய தோல் பூட்ஸே தகுந்தது. படலம் வைத்துத் தைத்த விலையுயர்ந்த வகை, நாள்தோறும் பல மணி நேரம் ஈரப்பனியில் செல்வோருக்கு மட்டுமே பயன்படும்.

நனைந்த பாதத்துக்கு நேரும் தீங்கு

1914-15 குளிர்காலத்தில் பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனைகளில், இந்தியப் படைகளும் நின்றிருந்த அப்பதுங்குகுழிகளில், பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த சுமார் 20,000 பேர் பாத நோயால் செயலிழந்தனர். நீர் உறையும் குளிர்கூட இதற்குத் தேவைப்படவில்லை. பூஜ்யத்துக்கு மேல் பல டிகிரி இருந்தும், நனைந்த பூட்ஸுக்குள் மணிக்கணக்காக, நாட்கணக்காகக் கிடந்த பாதங்கள் வெளுத்து, மரத்து, வீங்கி, புண்ணாயின. காலுறையை நாள்தோறும் மாற்றவும், ஒருவர் பாதத்தை மற்றொருவர் சோதிக்கவும் கட்டளையிட்ட பிறகே நோய் தணிந்தது. சைக்கிளில் ஓரிரு மணி நேரம் செல்பவருக்கு அத்தகைய கடுமை நேர்வது அரிது. ஆனால் நாளெல்லாம் ஈரக் காலணியுடன் வேலை பார்ப்பவருக்கு விரல்கள் சிவந்து, வீங்கி, தாங்கமுடியாத அரிப்புடன் கூடிய தடிப்புகள் தோன்றுவது வடநாட்டுக் குளிர்ப் பிரதேசங்களில் பொதுவாகக் காணப்படுவதே. நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் அதிக எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவர்களுடைய பாதங்களில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

இதைத் தடுக்க, பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்வதற்கு இணையான உபாயம் வேறில்லை. போய்ச் சேர்ந்ததும் பாதங்களைத் துடைத்து, உறையை மாற்றிக்கொள்ள வேண்டும். மரத்த பாதத்தை புகாரி அடுப்பின் மேலோ காங்கிரியின் மேலோ வைப்பது பெருந்தவறு. உணர்ச்சியற்ற தோல் சூட்டை அறியாமல் வெந்துவிடும். பனிக்கட்டியால் தேய்ப்பதும் கேடு. உலர்த்தி, போர்வையில் சுற்றி, மெல்ல வெம்மை ஏறவிட வேண்டும். அரை மணி கழிந்தும் விரல்கள் வெளுத்து, மெழுகு போல் கெட்டியாக இருந்தால் மருத்துவரிடம் செல்வதில் தாமதம் கூடாது.

காலணியை உலர்த்தும் முறையும் இதே போன்றது. ஈரத்தோலைத் தீயருகே வைத்தால் அதன் நார்கள் சுருங்கி விறைத்து, பிறகு வெடித்துவிடும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்ட தோல் ஈரமான நிலையில் 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே சுருங்கத் தொடங்குகிறது. குரோமிய உப்பால் பதனிட்டது இன்னும் அதிகச் சூடு தாங்கும் என்றாலும் தையலும் பசையும் தாங்கமாட்டா. இரவில் கயிற்றை முற்றிலும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, கம்பளித் தளத்தைத் தனியே எடுத்துத் தொங்கவிட வேண்டும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி கழித்து அந்த ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைக்க வேண்டும். படுக்கப்போகுமுன் இன்னொரு முறை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். மெழுகையும் எண்ணெயையும் ஈரத்தோலின் மேல் தடவலாகாது. முழுதும் உலர்ந்த பிறகு, தையல்களிலும் அடித்தோல் சேரும் விளிம்பிலும் விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு ஊறவிட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிடலாம். பனிக்காலத்தில் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை இதைச் செய்வது போதுமானது.